மாறி வருபவருக்கு நூற்று எண்பத்தொன்பது

முழு விலை அறுநூற்றுத் தொண்ணூறு பிராங்.
வேறொரு கொம்பனியின் எழுத்துப் புரோகிராமை விட்டு
மாறி வருபவருக்கு நூற்று எண்பத்தொன்பது.
கட்சி தாவினால் கழிவு உண்டு என்று
இத்தனை மரியாதையாக
ஒருவரும் எனக்கு எழுதியதில்லை.

நிபந்தனை ஒன்றுதான்:
பழையது உம்முடையது என்று காட்ட வேண்டும்.
கையேட்டின் முதற்பக்கத்தை அனுப்புக.
போட்டோப் பிரதி செல்லாது.
கிழித்த பக்கமே வேண்டும்.

பியேல் நகரில் ஒரே ஆற்றுக்கு
ஜெர்மன்காரர் ஒரு பெயர், பிரெஞ்சுக்காரர் ஒரு பெயர்.
ஆறு இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.
அதன் கரையில், லோன்ட்றிக்கு மேல் இரண்டாம் மாடியில்
கலியாணக் கார்ட் அடிக்கிறேன்,
சாமத்தியவீட்டுக் கார்ட், அந்தியேட்டிக் கல்வெட்டு,
வீட்டுக்காரனுக்கு ஹீற்றர் பழுதென்று கடிதம்.
நீலத் திரை. வெள்ளை எழுத்து.
ஜெர்மன் உயிரெழுத்துகளின் தலையில் குந்தியிருந்த
இரட்டைப் புள்ளிகளை
ஒரு கோடை முழுக்க இருந்து நானே கிளப்பிவிட்டு
அந்த இடங்களில் ணை, லை, னை
மூன்றையும் குடிவைத்தேன்.

கையேடு சீரகப் போத்தலுக்குப் பின்னால் இருந்தது.
முதற்பக்கத்தில் நீல மை:
ஹெச். ஏஷ்லிமான், 1988.

நொத்தாரிசு கந்தோரில் எழுதுவினைஞர்.
ஓய்வுபெற்ற கிழமை
மெசினையும் பெட்டியையும் எண்பது பிராங்குக்குத் தந்தார்.
பற்றுச்சீட்டு கேட்டேனா? இல்லை.
கோப்பி தந்தார், குடித்தேன்.

அடிமட்டம் வைத்து
சவர அலகால் மெல்ல இழுத்தேன்.
பக்கம் சத்தமில்லாமல் வந்தது.

பத்தாம் நாள் பதில்.
பக்கம் கிடைத்தது, நன்றி.
அதில் உள்ள பெயர் ஏஷ்லிமான்,
உமது பெயர் குலவீரசிங்கம் யோகநாயகி.
விளக்குக.

விளக்குக!
இந்த ஊரில் எத்தனை பேருக்கு
விளக்கம் அடித்துக் கொடுத்தவள் நான்.
‘மேற்படி நபரும் கீழ்க்காணும் நபரும் ஒருவரே,
முன்னால் நிற்பது தகப்பன் பெயர்.’
இருபத்தேழாம் கோப்பு.
திறந்து, பெயரை மட்டும் மாற்றப் பார்த்தேன்.
ஏஷ்லிமான் என் தகப்பனில்லை.

ஆகவே பஸ் ஏறினேன்.
பல்கணியில் பூச்சட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
கடிதத்தை வாசித்தார்.
காது சிவந்தது.
நானும் மாறினேன், என்றார்.
இதே கழிவில். அப்போது அவர்கள் கேட்டது
முதற்பக்கம் இல்லை,
முதலாம் பிளொப்பி.

அப்படியா.
மூன்று வருடமாக
இரண்டு முதல் ஆறு வரை அச்சடித்த லேபலும்
ஒன்றில் மட்டும் பென்சில் கையெழுத்தும்
ஏனென்று நான் யோசித்ததே இல்லை.
ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்க
இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிறோம்.

அவர் ஒரு தாள் எடுத்தார்.
‘இப்பெட்டியை இவரிடம் விற்றேன்,
உள்ளிருந்த எல்லாவற்றோடும்.’
‘எல்லா’வுக்கு முன்னால் பேனா கொஞ்சம் நின்றது.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நான் பூச்சட்டியைப் பார்த்தேன்.
கையெழுத்து 1988இல் இருந்த மாதிரியே நேர்த்தி.

பெட்டி வந்தது.
பதினொரு பிளொப்பி, வழவழப்பான புத்தகம்.
ஒரு நிபந்தனை பொடி எழுத்தில்:
இனிப் பழையதைப் பயன்படுத்தக் கூடாது.
பெயர் கேட்டது, கொடுத்தேன்.
விளக்கம் கேட்கவில்லை.

முதலில் திறந்தது பத்மசொரூபியின் கலியாணக் கார்ட்.
நிகழும் மங்களகரமான பவ வருடம் ஆவணி மாதம்
எங்கே?
திரை நிறைய
நான் கிளப்பிவிட்ட புள்ளிகள்,
இரண்டு இரண்டாக,
ஒன்றும் நடக்காதது போல
பழைய தலைகளில் ஏறி உட்கார்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார்
கார்ட்டுக்கு வருகிறார்கள்.
கதவைச் சாத்திவிட்டு
பழைய மெசினை மூடியிருந்த துவாயை எடுத்தேன்.